நெடுந்தீவில் வேலி அளக்கப் போனேன்

நெடுந்தீவு மாடுகள் நெடுந்தீவுப் பயிரைத் தின்கின்றன என்று யாரோ ஒரு புகைப்படத்தை எங்கள் உதவி நிறுவனத்தின் மேலாளரிடம் காட்டிவிட்டார்கள். மேலாளர் நல்ல மனிதர். வருடத்தில் பாதி நாள் பனி கொட்டும் தேசத்தில் பிறந்தவர். படத்தில் ஒரு மாடு, அதன் வாயில் கொஞ்சம் கதிர், பின்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் கல். இவ்வளவு கல் சும்மா கிடக்கும்போது இவர்கள் ஏன் வேலி கட்டக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது. கட்டுகிறவர்களுக்குக் கோதுமை மாவும் பருப்பும் டின் மீனும் தருவது என்று கொழும்பில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். உழைப்புக்கு உணவு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

கட்டிய வேலியை அளந்து சரி சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. தமிழ் தெரிய வேண்டும், அளவுநாடா பிடிக்கத் தெரிய வேண்டும், உள்ளூரில் சொந்தபந்தம் இருந்து ஒன்றிரண்டு அடி கூட்டிப் போடுகிறவனாகவும் இருக்கக்கூடாது. இராமநாதபுரத்துப் பக்கம் ஓவர்சியராகக் கண்மாய்க் கரை அளந்தே பாதி ஆயுளைக் கழித்திருந்த நான் அகப்பட்டேன்.

கொழும்பிலும் மலைநாட்டிலும் தமிழர் கடைகள் எரிந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு அது. போகாதே என்று எல்லோரும் சொன்னார்கள். என் மனைவி மட்டும் பிள்ளைகளின் தேசப்படத்தை எடுத்து விரலால் அளந்து பார்த்துவிட்டு, "கொழும்பைவிட நம்ம ஊருதாங்க அதுக்குக் கிட்ட இருக்கு. இதுக்குப் போயா வெளிநாட்டுப் படி குடுக்கிறாங்க?" என்றாள். அவள் சந்தேகம் நியாயமானதுதான். கள்ளத் தோணிக்காரர்களுக்கு ஓர் இரவுப் பயணம். எனக்கு விமானம், ரயில், பேருந்து, படகு என்று எல்லாம் தேவைப்பட்டது.

பேருந்து குறிகட்டுவானில் முடிகிறது. அங்கே இரண்டு படகுகள் நின்றன. நயினாதீவுப் படகில் பட்டுச்சேலையும் பூத்தட்டுமாக அம்மனிடம் போகிறவர்கள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். நெடுந்தீவுப் படகில் ஆடு, மண்ணெண்ணெய்ப் பீப்பாய், சைக்கிள்கள், கல்யாணத்துக்கு வாங்கிய ஒரு அலுமாரி, எங்கள் நிறுவனத்தின் மாவு மூட்டைகள் இவையெல்லாம் ஏறியபிறகு மனிதர்கள் ஏறினார்கள்.

சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை. படகு ஒவ்வொரு அலைக்கும் எழுந்து நின்று யோசித்துவிட்டு விழுந்தது. கடல் எங்கள்மேல் வாளிவாளியாகக் கொட்டியது. இருந்த ஒரே ஒரு தார்ப்பாயை எடுத்துப் படகுக்காரர் மூட்டைகளை மூடினார். "எங்களுக்கு இல்லையா?" என்று கேட்டேன்.

"மா நனைஞ்சால் கணக்குக் கேப்பினம், ஐயா. மனிசர் நனைஞ்சால் காய்ஞ்சிடுவினம்" என்றார்.

எங்கள் நிறுவனத்தின் கொள்கையை இவ்வளவு தெளிவாக அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, காலையில் யாழ்ப்பாணத்தில் தின்ற பாண் ரொட்டியையும் சம்பலையும் கடலுக்குக் கொடுத்தேன். பக்கத்திலிருந்த அம்மா ஒரு தேசிக்காயை நகத்தால் கீறி என் மூக்கில் வைத்து, "இந்தியாவோ? உங்கடை ஆக்களுக்கு எப்பவும் உப்பிடித்தான்" என்று முதுகைத் தடவிவிட்டார். எங்கள் ஊரில் எலுமிச்சை என்று சொல்வோம். எந்தப் பெயரில் முகர்ந்தாலும் குமட்டல் நிற்கிறது.

கரையில் மரியதாஸ் மாஸ்டர் காத்திருந்தார். நிறுவனத்தின் உள்ளூர்ப் பொறுப்பாளர் அவர்தான். மீனவக் குடும்பம். இளம் வயதில் நீர்கொழும்பில் மீன் வியாபாரம் செய்துவிட்டுப் பிறகு பள்ளிக்கூடத்தில் ஆசிரியரானவர். "இதுதான் எங்கடை எக்ஸ்பிரஸ், ஏறுங்கோ" என்று ஒரு டிராக்டர் பெட்டியைக் காட்டினார். அது பனங்கூடலுக்கு நடுவில் போய்ச் சளி பிடித்ததுபோல இருமி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். தள்ளிய தூரத்தையும் அது ஓடிய தூரத்தையும் வைத்துப் பார்த்தால் நாங்கள்தான் டிராக்டரை ஊருக்குக் கூட்டிவந்தோம் என்று சொல்ல வேண்டும்.

ஊர் தட்டையாகக் கிடந்தது. எங்கு பார்த்தாலும் பவளப்பாறை உடைந்த முருகைக்கல் வேலி. சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது, கல்லின்மேல் கல்லைச் சாய்த்து அடுக்கியிருந்தார்கள். நெஞ்சு உயரம், நல்ல அகலம். எங்கள் பக்கத்தில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு வேலி என்று சொல்லிக்கொள்கிறோமே, அதற்கு இது அரண்மனை. ஆனால் எந்த வேலியிலும் வாசலைக் காணோம். காணிக்குள் மாடு போக வேண்டுமென்றால் ஓரிடத்தில் கல்லை இறக்குகிறார்கள். மாடு உள்ளே போனதும் திரும்ப அடுக்குகிறார்கள். வெளியே வரும்போது மறுபடியும் அதே வேலை.

மாஸ்டர் வீட்டில் தங்கினேன். அவர் மனைவி ஜெசிந்தா அக்கா முதல்நாள் மத்தியானம் சோற்றோடு ஒரு குழம்பு வைத்தார். வாயில் வைத்தவுடன் தெரிந்துவிட்டது. டின் மீன்! நாலு பக்கமும் கடல், வாசலில் வலை காய்கிறது, குசினிக்குள்ளிருந்து நண்டுக் குழம்பு வாசம் வந்து என்னைக் கொல்லுகிறது, இலையில் மட்டும் எந்தக் கடலிலோ பிடித்துத் தகரத்தில் அடைத்த மீன். கொழும்பிலிருந்து வந்த பெரிய மனிதருக்கு வீட்டு நண்டைப் போட்டால் மரியாதை இல்லையாம். நண்டை வீட்டுக்காரர்கள் உள்ளே தின்றார்கள். நான் மூன்று வேளை மரியாதையைத் தின்றேன். அடுத்த நாள் வெட்கத்தை விட்டு, "அக்கா, எனக்கு அந்த நண்டே போதும்" என்று சொன்ன பிறகுதான் அந்த வீட்டில் நான் மனிதனாக மதிக்கப்பட்டேன். அன்று சாயங்காலம் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினார்கள். அதற்குள் நண்டு, மீன், இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் கிடந்தது. பலா இலையை மடித்துக் கோலிக் குடித்தோம். காரத்தில் கண்ணீர் வழிந்தது. மேலாளரை நினைத்துக்கொண்டேன்.

காலையில் அளக்கத் தொடங்கினோம். போன இடமெல்லாம் சீக்கிரம் அளக்கச் சொல்லி ஒரே வார்த்தை: "ஐயா, கெதியா அளவுங்கோ." வேலிக்காரர்கள் ஓடிவந்து நாடாவின் நுனியைப் பிடித்தார்கள், முள்ளைத் தள்ளிவிட்டார்கள், இளநீருக்குப் பதிலாகப் பால் விடாத பிளேன்ரீயும் பனங்கட்டியும் தந்தார்கள். எங்கள் ஊரில் ஓவர்சியர் வந்தால் ஜனங்கள் கண்ணில் படாமல் மறைவார்கள். இங்கே என் தொழிலுக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. செல்லையரின் காணிக்குப் போன பிறகு அந்தப் பெருமை கரைந்துவிட்டது.

செல்லையர் அறுபதைத் தாண்டியவர், ஒல்லி. இரண்டு உழவு மாடு வைத்திருந்தார். அவருடைய காணியின் குறுகிய பக்கம் ஒழுங்கை என்று அவர்கள் சொல்லும் ஊர்ப்பாதையைப் பார்த்திருந்தது, நீளம் உள்ளே போனது. வெளிவேலி பழையது. உள்ளே, ஒழுங்கையிலிருந்து கடைசிவரை, புதிதாக இரண்டு வேலிகள். காணி மூன்று துண்டாகியிருந்தது. ஒவ்வொரு துண்டின் முன்பக்கமும் பெட்டிக்கடை அகலம். நீளமோ போய்க்கொண்டே இருந்தது. சந்துகளை ஊரில் பார்த்திருக்கிறேன். நெல் விதைக்கிற சந்தை அப்போதுதான் பார்த்தேன்.

"இந்த உள்வேலி மாடு வராமல் இருக்கவா?" என்று கேட்டேன்.

"மாடு வரவே ஏலாது, தம்பி" என்றார் செல்லையர். "என்ரை உழவு மாடும் வரேலாது. வந்தால் திரும்பேலாது. திரும்பினால் கலப்பை வேலியிலை முட்டும்."

இதை யார் இப்படிப் பிரித்தார்கள் என்று மாஸ்டர் நடந்துகொண்டே சொன்னார். தீவுப்பகுதி ஆண்கள் தெற்கே போய்க் கடை வைப்பவர்கள். கடை வைத்த ஊரே அவர்கள் பெயராகிவிடும். செல்லையருக்கு மூன்று மகள். மூத்தவளின் கணவர் குருநாகலார், நடுவிலவளின் கணவர் பதுளையார், இளையவளின் கணவர் காலியார். மூன்று கல்யாணத்திலும் இந்தக் காணி சீதனமாகப் பேசப்பட்டது. பேசியதோடு சரி, மருமகன்கள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாமனார் முழுக் காணியையும் உழுது மொட்டைக்கறுப்பன் நெல் விதைத்துக்கொண்டிருந்தார். மருமகன்கள் கோயில் திருவிழாவுக்குக் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வந்து, மாமனார் வயலில் நிற்பதைப் ஒழுங்கையில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

போன வருடம் ஆடியில் மூன்று கடைகளும் எரிந்தன. குருநாகலாரும் காலியாரும் உடுத்த துணியோடு கப்பலில் ஏற்றப்பட்டு வந்து இறங்கினார்கள். பதுளையார் வரவில்லை. யாருக்கும் வேண்டாமல் கிடந்த காணி ஒரே நாளில் மூன்று குடும்பத்துக்குச் சோறு போட வேண்டியதாயிற்று.

பிரிக்கலாம் என்ற பேச்சு வந்தது. செல்லையர் குறுக்கே பிரிக்கச் சொல்லியிருக்கிறார். குறுக்கே பிரித்தால் துண்டுகள் சதுரமாக வரும், மாடு சுற்றும். ஆனால் பின்னால் உள்ள இரண்டு துண்டுக்கும் ஒழுங்கை கிடையாது. குருநாகலார் ஒத்துக்கொள்ளவில்லை. "றோட்டுப் பக்கம் இல்லாத இடத்தை வச்சு என்ன செய்யிறது?" என்றாராம். இருபது வருடம் கடை வைத்தவர். முன்பக்கம் இல்லாத கடைக்கு யார் வருவார்கள்? காலியாரும் கடைக்காரர்தானே, எனக்கும் முன்பக்கம் வேண்டும் என்றார். ஆக, எல்லோருக்கும் முன்பக்கம். நெல்லுக்கு வாடிக்கைக்காரர் யார் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் மாவு வந்து சேர்ந்தது. பயிர்க்காணியைச் சுற்றிக் கட்டும் வேலிக்கு உணவு என்று கொழும்பில் விதி எழுதியிருந்தார்கள். உள்ளே வெளியே என்று அதில் ஒன்றும் இல்லை. பிரித்தபிறகு ஒவ்வொரு துண்டும் ஒரு காணி, அதைச் சுற்றிக் கட்டுவது அதன் வேலி. இப்படியாக, பயிரைக் காக்கப் போட்ட திட்டத்தின் செலவில் பயிர் வைக்க முடியாத ஒரு காணியை உண்டாக்கியிருந்தார்கள்.

செல்லையர் வீட்டாருக்கும், இப்படியே துண்டு போட்ட மற்றவர்களுக்கும் இது கட்டி முடித்த பிறகு புரிந்துவிட்டது. ஆனால் வேலி நின்றால்தான் நான் அளப்பேன், அளந்தால்தான் மிச்ச மாவு. நானோ வாகனம் இல்லை, அனுமதி இல்லை, படகு இல்லை என்று வாரக்கணக்கில் தாமதித்து வந்திருக்கிறேன். உள்வேலி இல்லாத வயல்களில் புழுதி உழவு முடிந்து விதைத்தாகிவிட்டது. கிழக்கே மேகம் கூடத் தொடங்கியிருந்தது. ஊர் முழுக்க என்னைக் கெதியா அளக்கச் சொன்னதற்குக் காரணம், நான் அளந்து முடித்தவுடன் இடிக்க வேண்டும் என்பதுதான்!

குருநாகலார் வந்தார். தொந்தியும் வழுக்கையும் நல்ல குரலும் உள்ளவர். வேட்டியை இன்னும் கல்லாவில் உட்காரப் போகிறவர் மாதிரிதான் கட்டியிருந்தார். நான் இந்தியா என்று தெரிந்ததும் சிரித்தார்.

"உங்கடை நாட்டு வெங்காயத்தை வித்துத்தான் நான் ஆளானனான். முந்தி இறக்குமதியை நிப்பாட்டி வச்சிருந்தவை. அப்ப யாழ்ப்பாண வெங்காயத்துக்கு இருந்த மரியாதை! மாமாவும் இஞ்சை ஒரு மூலையிலை வெங்காயம் போட்டவர். பேந்து எல்லாத்தையும் திறந்து விட்டினம். இந்தியா வெங்காயம் கப்பல் கப்பலா வந்து இறங்கிச்சுது. நல்ல மலிவு. மாமா வெங்காயம் போடுறதை விட்டதே என்ரை கடையாலைதான்."

"அது சரி" என்றார் செல்லையர். "இப்ப அவரே வெங்காயம் போட்டுப் பாக்கட்டும்."

அளந்தேன். ஒரு நுனியைக் காலியார் பிடித்தார். அவர் மெலிந்தவர், அதிகம் பேசாதவர். பாதியில் நடுத்துண்டுக்குள் ஒரு பெண் வந்து நின்றாள். நூல் சேலை, நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி. தலையில் கல் சுமந்து சும்மாட்டுத் துணி கறுத்துப்போயிருந்தது. புவனம், பதுளையாரின் மனைவி. இரண்டு வேலிகளிலும் பாதி அவள் கட்டியது என்று மாஸ்டர் மெல்லச் சொன்னார். நாடா போகிற இடமெல்லாம் அவள் கண் போயிற்று.

அளந்து முடிந்ததும் குருநாகலாரும் காலியாரும் எதையோ சடசடவென்று பேசத் தொடங்கினார்கள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. யாழ்ப்பாணத் தமிழ் எனக்கு இன்னும் பிடிபடவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். மாஸ்டர் என் காதருகே வந்து, "சிங்களம்" என்றார். சிங்களவர்கள் கடையைக் கொளுத்தித் துரத்திவிட்ட இரண்டு தமிழர்கள், மாமனாருக்கும் மச்சாளுக்கும் விளங்கக்கூடாது என்பதற்காக நெடுந்தீவு வயலில் நின்று சிங்களத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். செல்லையர் என்னைப் பார்த்து, "கடைக்காலத்துக் கதை போலை" என்றார்.

நீர்கொழும்பில் மீன் விற்ற மாஸ்டர் எனக்கு மொழிபெயர்த்தார்.

"நாளைக்கே கல்லை இறக்கிவிட வேண்டும். இல்லையென்றால் இந்த வருடம் விதைப்பு இல்லை" என்றார் குருநாகலார்.

"அவளிடம் நீயே சொல். நான் சொல்ல மாட்டேன். நான் கடை வைக்கும்போது அவள் புருஷன்தான் தோள் கொடுத்தான்" என்றார் காலியார்.

"எனக்கு மட்டும் அவன் யார்? அதற்காகப் பிள்ளைகள் தையில் கல்லையா தின்னும்?"

அன்று சாயங்காலம் மாஸ்டர் வீட்டுக்குப் புவனம் வந்தாள். ஜெசிந்தா அக்கா கதிரையை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

"அண்ணை, உங்களை ஒண்டு கேக்க வந்தனான். அளந்த வேலியை இடிக்கக்கூடாதெண்டு சட்டம் இருக்கெண்டு சொல்லுங்கோ."

"அப்படி ஒரு சட்டம் இல்லையேம்மா."

"தெரியும். இருக்கெண்டு சொல்லுங்கோ."

நான் விழித்ததைப் பார்த்து அவளே சொன்னாள். முதலில் காணியை இரண்டாகத்தான் பிரிக்கப் பார்த்தார்களாம். நடுவிலவளுக்கு ஆம்பிளை இல்லை, அவளுக்கும் பிள்ளைக்கும் நாங்கள் சோறு போடுகிறோம் என்று குருநாகலார் நல்ல மனதோடுதான் சொன்னாராம். அவள் மறுநாள் விடியவே போய்க் கல் பொறுக்கத் தொடங்கினாள். கல் வைத்த பிறகுதான் மூன்று பங்கு என்று எல்லோரும் வாய் திறந்தார்கள். இந்த வருடம் ஆடியில் அவருக்கு ஓராண்டுத் திவசம் செய்ய வேண்டும் என்று ஐயரைக் கூட்டிவந்தார்கள். அவள் அடுப்பு மூட்டவில்லை. ஐயர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"கடை எரிஞ்சு முடிஞ்சாப் பிறகும் கதவு பூட்டினபடி கிடந்ததெண்டு கண்ட ஆக்கள் சொல்லினம். அதாலை அவர் உள்ளுக்கை எண்டு எல்லாரும் முடிவுகட்டிப்போட்டினம். பூட்டு வெளியிலை எல்லோ கிடந்தது, அண்ணை? பூட்டின மனிசன் எப்பிடி உள்ளுக்கை இருப்பார்?"

ஜெசிந்தா அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"அவர் வாற நேரம் அவருக்கெண்டு ஒரு துண்டு நிலம் வேணும். வேலி போனால் அது பேந்து ரெண்டு பங்குதான். நெல்லு இல்லாட்டிலும் பரவாயில்லை" என்றாள். பிறகு கொஞ்சம் நின்று, "நெல்லு இல்லாமல் அக்கான்ரை பிள்ளையள் என்ன செய்யிறது எண்டும் எனக்கு விளங்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சாப்பாடு இறங்கவில்லை, அது நண்டுக் குழம்பாக இருந்தும்கூட. வேலி நின்றால் விதைப்பு இல்லை. விதைப்பு இல்லாவிட்டால் எங்கள் மாவு மாரி முடியும்வரைகூடத் தாங்காது. வேலி போனால் இவளுடைய புருஷன் ஊர் அறியச் செத்துப்போவான். திட்டம் போட்டவர்கள் மாட்டை மட்டும்தான் கணக்கில் எடுத்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் நாங்கள் போனபோது குருநாகலார் அலவாங்குக் கடப்பாரையோடு முதல் வேலிக்கு முன்னால் நின்றார். காலியார் தள்ளி நின்றார். செல்லையர் மாடுகளை ஒழுங்கையில் பிடித்துக்கொண்டிருந்தார். புவனம் தன் துண்டுக்குள் வேலியை ஒட்டி நின்றாள். வானம் கறுத்துக் கிடந்தது. குருநாகலார் அலவாங்கைக் கல்லுக்கு இடையில் நுழைத்துவிட்டு, நெம்பாமல், என்னைப் பார்த்தார். அவர் முகத்திலும் தூக்கம் இல்லை.

"அதை எடுங்கள்" என்றேன். "அறுவடை முடியும்வரை வேலி நிற்க வேண்டும். இடித்தால் தந்த மாவை எல்லாம் திருப்பித் தர வேண்டிவரும். விதி."

"இது புது விதியோ?"

"பழைய விதிதான். நேற்றுச் சொல்ல மறந்துவிட்டேன்."

"எங்கை எழுதிக் கிடக்கு?"

"கொழும்பில். இங்கிலீஷில்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கள்ளத் தராசோடு வந்தவனைப் பார்க்கிற பார்வை. பிறகு அலவாங்கை உருவிக் கீழே போட்டுவிட்டு, காலியார் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். மாஸ்டர் என் காதருகே வந்து மெல்லச் சொன்னார்:

"'இந்த ஆள் பொய் சொல்கிறான். இருபது வருடம் இன்ஸ்பெக்டர்மாரோடு காலம் தள்ளிய எனக்குத் தெரியாதா? பரவாயில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இடிப்பதைவிட இது நல்லது. வீட்டில் இருக்கிற மண்வெட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வா.'"

காலியார் ஓடினார்.

மாடு திரும்ப முடியாத இடத்தில் மனிதன் திரும்பலாம். கொத்திப் புரட்டத் தொடங்கினார்கள். சீனி நிறுத்தும், துணி கிழித்தும் பழகிய கைகள். குருநாகலார் மண்வெட்டியைத் தூக்கும்போதே மூச்சு விட்டார், இறக்கும்போது கடவுளைக் கூப்பிட்டார். காலியாரின் உள்ளங்கை சற்று நேரத்தில் கொப்பளித்தது. செல்லையர் மாடுகளைப் பனையில் கட்டிவிட்டு வந்து, "மண்வெட்டியைப் பின்னாலை பிடியுங்கோ, முன்னாலை பிடிச்சால் காலைத்தான் கொத்துவியள்" என்று கத்தினார். நானும் ஒன்றை வாங்கினேன். கிராமத்தில் வேலைவாய்ப்பைப் பெருக்குவது எங்கள் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. அன்றைக்கு அது எதிர்பார்த்ததற்கு மேலேயே பெருகியது.

முதலில் எந்தத் துண்டு என்று யாரும் பேசவில்லை. குருநாகலார் தன்னுடைய துண்டில் நின்றவர், வேட்டியை மடித்துக் கட்டி, தொந்தியோடு சிரமப்பட்டு வேலியில் ஏறி நடுத்துண்டுக்குள் இறங்கியிருந்தார். அவர் பின்னால் காலியாரும் இறங்கினார். அதன் பிறகு நாங்கள்.

அதற்குள் வீட்டுக்குப் போயிருந்த புவனம் விதைநெல்லைக் கடகத்தில் எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் தன் துண்டில் நின்று கொத்துவதைப் பார்த்து அப்படியே நின்றாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"அத்தான்" என்று குருநாகலாரைக் கூப்பிட்டாள். "அவர் மண்வெட்டி பிடிச்சு அறியார். வந்தவுடனை நீங்கள்தான் பழக்கிவிட வேணும்."

குருநாகலார் நிமிரப் பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டதால் முழுக்க நிமிர முடியவில்லை. முகத்தில் வழிந்ததைத் தோளால் துடைத்துக்கொண்டார்.

"ஓம், புவனம். பழக்கலாம்" என்றார். "உந்த மூலையை அவனுக்கெண்டு விட்டுவைக்கிறன்."

மழைக்கு முன்னால் துண்டைக் கொத்தி முடித்தோம். மூலையில் ஒரு பாய் விரிக்கும் அளவு நிலம் கொத்தாமல் கிடந்தது. புவனம் அதைச் சுற்றிக்கொண்டு நடந்து விதைத்தாள்.